டாக்டர் ஸ்பிவாக் மருந்தில்லாமல் காசநோயைக் குணப்படுத்தினாரா?

"அமெரிக்காவில் டாக்டர் சார்லஸ் ஸ்பிவாக் மலைக்காற்றும் பாலும் முட்டையும் மட்டும் கொடுத்தே காசநோயைக் குணப்படுத்தினார், மாத்திரையே தேவையில்லை" என்று ஒரு செய்தி சுற்றுகிறது. இது தவறு.

ஸ்பிவாக் உண்மையான மனிதர்தான். ரஷ்யப் பேரரசிலிருந்து 1882இல் அமெரிக்கா போன யூதர். டென்வரில் 1904இல் ஏழைக் காசநோயாளிகளுக்காக ஓர் இலவச மருத்துவ இல்லம் தொடங்கியவர்களில் ஒருவர். முதலில் கூடாரங்களில்தான் நோயாளிகள் தங்கினார்கள். அந்த ஊரின் இன்னொரு யூத மருத்துவமனை ஆரம்ப நிலை நோயாளிகளையே சேர்த்துக்கொண்டது. இவர்களோ முற்றிய நிலையில் வந்தவர்களையும் ஏற்றார்கள். எனக்கு இதுதான் பெரிய விஷயம்.

ஆனால் குணமா? அப்போது காசநோய்க்கு மருந்தே கிடையாது. ஓய்வும் சத்தான உணவும் சிலருக்கு உதவின, பலர் இறந்தும் போனார்கள். ஸ்பிவாக் இறந்தது 1927இல். காசநோய்க்கு நன்றாக வேலை செய்த முதல் மருந்தான ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்டது 1943இல்.

தயவுசெய்து அந்தச் செய்தியை நம்பி மாத்திரையைப் பாதியில் நிறுத்தாதீர்கள். நிறுத்தினால் மருந்துக்குக் கட்டுப்படாத கிருமி உருவாகலாம். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் சளிப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். அரசு மருத்துவமனையில் பரிசோதனையும் மருந்தும் இலவசம்.