மூடி வைத்த லேப்டாப் மெயில் பிரிக்காது

வங்கி ஸ்டேட்மென்ட் ஒரு ஃபோல்டருக்கு, பள்ளிச் சுற்றறிக்கை இன்னொன்றுக்கு, தள்ளுபடி விளம்பரமெல்லாம் கண்ணில் படாத ஏதோ ஒரு மூலைக்கு என்று மெயிலைத் தானாகப் பிரிக்கப் பொறுமையாக உட்கார்ந்து ரூல் எழுதி, சோதித்துப் பார்த்து, எல்லாம் சரியாகப் பிரிகிறது என்று நிம்மதியாக எழுந்தால், மறுநாள் காலை பஸ்ஸில் போனைத் திறக்கும்போது அத்தனையும் இன்பாக்ஸில் கும்பலாகக் கிடக்கிறது. காரணம் இதுதான்: அந்த ரூல் இருப்பது வீட்டில் மூடிக் கிடக்கும் லேப்டாப்புக்குள். அது விழித்திருந்தால்தான் மெயில் பிரியும். ரூல் எழுதும் திரையில் இதை ஒரு வரி சொல்லியிருந்தால் என்ன? எங்கேயும் சொல்லவில்லை.

எனக்குக் கோபம் வருவதே இது தீர்க்க முடியாத சிக்கல் இல்லை என்பதால்தான். பாப் என்ற பழைய முறையில் ஒரு கணினிக்கு மெயிலை இறக்கி, சர்வரில், அதாவது மெயில் சேவையின் கணினியில், இருந்ததை அழித்த காலத்தில், ரூல் அந்தக் கணினியில் இருந்ததில் நியாயம் உண்டு. ஆனால் மார்க் கிறிஸ்பின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் ஐமேப் என்ற மெயில் முறையை உருவாக்கியது 1986-இல். மெயில் சர்வரிலேயே இருக்கட்டும், எங்கிருந்து பார்த்தாலும் ஒரே மாதிரி தெரியட்டும் என்பதுதான் அதன் அடிப்படையே. அப்படியானால் ஃபோல்டர் சர்வரில், படித்தோமா இல்லையா என்ற குறி சர்வரில், இவற்றையெல்லாம் ஒழுங்குபடுத்தும் ரூல் மட்டும் ஏன் என் மேசை மேல்?

அதற்கும் விடை எப்போதோ வந்துவிட்டது. சர்வரில் மெயில் வந்து சேரும் நொடியிலேயே அதைப் பிரித்துப் போடுவதற்கென்றே சீவ் என்று ஒரு சின்ன மொழி, 2001-இல் ஆர்.எஃப்.சி 3028 என்ற இணையத் தர ஆவணமாக வெளியானது. 2008-இல் அதைத் திருத்தியும் வெளியிட்டார்கள். யாராவது தப்பாக எழுதி சர்வரை முடக்கிவிடக் கூடாது என்று அதில் லூப்பே, அதாவது ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யவைக்கும் கட்டளையே, வைக்கவில்லை, அவ்வளவு யோசித்துச் செய்திருக்கிறார்கள். டவ்காட், சைரஸ் போன்ற சர்வர் மென்பொருள்களில் அதற்கு வசதி இருக்கிறது. ஜிமெயிலும் சீவ் இல்லாமலே தன் ஃபில்டர்களை சர்வரில்தான் ஓட்டுகிறது. ஆக, செய்ய முடியும். நான் ஆண்டுச் சந்தா கட்டும் சேவை அதைத் திறந்துவிட மாட்டேன் என்கிறது, அவ்வளவுதான்.

சரி, ரூலை எல்லாக் கருவியிலும் எழுதிவிடுங்கள் என்று அறிவுரை சொல்பவர்களுக்கு: முதலில், ரூல் எழுத இடமே தராத போன் ஆப்கள் நிறைய உண்டு. அப்புறம், வீட்டு லேப்டாப்பும் அலுவலகக் கணினியும் ஒரே நேரத்தில் விழித்திருந்தால் இரண்டும் ஒரே மெயிலை இழுக்கும். ஐமேப்பில் 'நகர்த்து' என்று தனிக் கட்டளை வந்ததே 2013-இல்தான். அதைப் பயன்படுத்தாத மென்பொருள் இன்னும் நகலெடுத்து, பிறகு பழையதை அழிக்கிறது. இரண்டு கணினியும் நகலெடுத்து முடித்த பிறகு அழித்தால் ஒரே ரசீது ஃபோல்டரில் இரண்டாக நிற்கும். ஒன்றில் ரூலைத் திருத்தி மற்றொன்றில் திருத்தாமல் விட்டால், அந்த மெயிலை எந்த ஃபோல்டரில் போய்த் தேடுவது?

இதை எழுதவே எனக்கு ரத்தம் கொதிக்கிறது: சர்வரிலேயே ஒழுங்காகப் பிரித்தாலும் போன் விடுவதில்லை. ஐமேப்பில் புது மெயில் வந்ததை உடனே சொல்லும் ஐடில் வசதி, ஒரு இணைப்புக்கு ஒரு ஃபோல்டரை மட்டும்தான் கவனிக்கும். பல ஆப்களில் அது இன்பாக்ஸ்தான். மற்ற ஃபோல்டர்களில் எது வந்தாலும் போன் மூச்சு விடாது, நாமாகப் போய்த் திறக்க வேண்டும். பள்ளியிலிருந்து 'நாளை விடுமுறை' என்று வந்த மெயில் 'பள்ளி' ஃபோல்டரில் சத்தமில்லாமல் கிடக்கும், பிள்ளையைச் சீருடை மாட்டிக் கிளப்பிக்கொண்டிருப்போம். பிரிக்காவிட்டால் விளம்பரத்துக்கெல்லாம் போன் அலறுகிறது, பிரித்தால் முக்கியமானதற்கே வாய் திறப்பதில்லை. பல ஃபோல்டர்களை ஒரே இணைப்பில் கவனிக்க 2009-இலேயே நோட்டிஃபை என்ற நீட்சியை எழுதி வைத்தார்கள், அதைச் சேர்க்க எத்தனை பேர் மெனக்கெட்டார்கள்?

வாடிக்கையாளர் சேவைக்கு இவ்வளவையும் விவரமாக எழுதிக் கேட்டேன். ஆப்பை நீக்கிவிட்டு மறுபடி நிறுவிப் பாருங்கள் என்று பதில் வந்தது. படித்தே பார்க்காமல் அனுப்பிய பதில். காசு கட்டும் ஒருவர் மெனக்கெட்டு எழுதினால் அதைப் படிக்கும் மரியாதையாவது வேண்டாமா?

சந்தா முடிந்ததும் சீவ் இருக்கும் சேவைக்கு மாறப்போகிறேன். ஃபாஸ்ட்மெயில், புரோட்டான் மெயில் இரண்டிலும் இருக்கிறது. ஆனால் இங்கிருந்து மெயிலை மொத்தமாக ஏற்றுமதி செய்ய பட்டன் உண்டு, ரூலுக்குக் கிடையாது. எழுதியது நான், அது என்னுடையது, எடுத்துக்கொண்டு போக எனக்கு ஒரு டெக்ஸ்ட் ஃபைல் கூடத் தர மாட்டார்கள். அனுப்புநர் முகவரி ஒவ்வொன்றாகப் பார்த்து மறுபடி முதலிலிருந்து தட்டச்சு செய்துகொண்டிருக்கிறேன்.