சிகிச்சை எடுத்தால் கிளியரன்ஸ் போய்விடாது
குடிக்குச் சிகிச்சை எடுத்தாலே அமெரிக்காவில் செக்யூரிட்டி கிளியரன்ஸ் (அரசு ரகசியத் தகவல்களைக் கையாளத் தரும் அனுமதி) போய்விடும் என்று இந்தக் கட்டுரையில் அடித்துச் சொல்லியிருப்பது சரியில்லை. கிளியரன்ஸ் கொடுக்கலாமா என்று முடிவெடுக்க 2017 ஜூனில் நடைமுறைக்கு வந்த விதிகளில் மொத்தம் 13 பிரிவுகள், மதுவுக்கானது 'ஜி'. அதில் பாதகமாகச் சொல்லியிருப்பது போதையில் வண்டி ஓட்டி மாட்டுவது, குடித்துவிட்டு வேலைக்கு வருவது, சிகிச்சையில் நிறுத்தச் சொன்ன பிறகும் குடிப்பது மாதிரியானவை. சிகிச்சையை ஒழுங்காக முடித்து, குடியை விட்டதை நடத்தையில் காட்டினால் அது சாதகமாகத்தான் எடுத்துக்கொள்ளப்படும். வர்ஜீனியாவில் என்னோடு வேலை பார்த்த ஒருவர் போதையில் கார் ஓட்டி வழக்கு வாங்கியவர், கிளியரன்ஸுக்கு நிரப்பும் எஸ்எஃப்-86 படிவத்தில் அதையும் அப்புறம் போன கவுன்சலிங்கையும் அப்படியே எழுதிக் கொடுத்தார், விசாரணை இழுத்தடித்தது, மனுஷன் நொந்துபோனார், ஆனாலும் கிளியரன்ஸ் கிடைத்தது. மேலே கருத்து எழுதிய ஒரு நண்பர், படிவத்தில் குடி பற்றிய கேள்விக்கு "இல்லைன்னு டிக் போடுங்க, யாருக்குத் தெரியும்" என்கிறார். ஐயா, போலீஸ் பதிவைப் பார்ப்பார்கள், பழைய மேலாளர், பக்கத்து வீட்டுக்காரர் வரை விசாரிப்பார்கள். மறைத்தது தெரிந்தால் 'ஜி'யோடு தனிநபர் நடத்தைக்கான 'இ' பிரிவும் சேர்ந்துகொள்ளும், தெரிந்தே பொய் எழுதினால் 5 ஆண்டு வரை சிறை என்று சட்டமும் இருக்கிறது.