பாம்பும் சுறாவும் நம் இறக்குமதிப் பயமும்

எங்கள் புளோக் வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் முழுக்க ஒரே பாம்புப் பேச்சு. கால்வாயோரம் ஒரு மலைப்பாம்பு சுருண்டு கிடந்ததை யாரோ காணொளி எடுத்துப் போட்டுவிட்டார்கள். பிள்ளைகள் விளையாடும் இடமாச்சே, நகர மன்றம் என்ன செய்துகொண்டிருக்கிறது, எல்லாவற்றையும் பிடித்துக் காட்டில் கொண்டுபோய் விடச் சொல்லி மனுக் கொடுப்போம் என்று வரிசையாக வந்து விழுந்தன. கையெழுத்துப் போடாத ஆள் நான் ஒருவன்தான் போலிருக்கிறது. ஏன் போடவில்லை என்று சிலர் தனியாகக் கேட்டார்கள். குழுவில் பதில் சொன்னால் சண்டையில் போய் முடியும். அதனால் இங்கே கொஞ்சம் நீளமாகவே எழுதிவிடுகிறேன்.

சிங்கப்பூரில் பாம்பைக் கண்டால் நமக்கு வருகிற பயம் இந்த ஊரில் விளைந்ததே இல்லை என்பது என் கருத்து. பாதி, தாத்தா பாட்டி தமிழ்நாட்டு வயல்வரப்பிலிருந்து கப்பலில் கொண்டுவந்தது. மீதி, தொலைக்காட்சித் தொடர்களில் பழிவாங்கக் கிளம்பும் நாகங்களின் உபயம். சுறாப் பயத்துக்கு ஹாலிவுட் பொறுப்பு. இங்கே நம்மோடு இருக்கிற பாம்பும் சுறாவும் வேறு. அவற்றோடு நடந்துகொள்ள வேண்டிய விதமும் வேறு.

எனக்கு நடைப் பைத்தியம் உண்டு. விடிவதற்கு முன் கால்வாயோரமாக, வார இறுதியில் பழைய ரயில் பாதையிலோ சுங்கை பூலோ பக்கமோ கிளம்பிவிடுவேன். அப்படிச் சுற்றுகிறவனுக்குப் பாம்பு கண்ணில் படாமல் இருந்தால்தான் ஆச்சரியம். மலைப்பாம்பை நான் காட்டில் பார்த்ததைவிடக் கால்வாயில் பார்த்ததுதான் அதிகம். மனுக் கொடுப்பவர்கள் புரிந்துகொள்ளாத இடம் இதுதான். அது வழிதவறி ஊருக்குள் வந்துவிடவில்லை. கால்வாய்தான் அதற்கு வீடு, சாலை, சாப்பாட்டுக்கடை எல்லாம். நம் ஊரில் வடிகால் இல்லாத இடம் ஏது? வடிகால் இருந்தால் எலி இருக்கும். உணவங்காடிக் கழிவு இருந்தால் இன்னும் கொழுத்த எலி இருக்கும். எலி இருக்கிற இடத்தில் மலைப்பாம்பு இருக்கும். இருக்கிற பாம்பைப் பிடித்து மண்டாய்க் காட்டில் விட்டுவிட்டால், எலியும் ஒதுங்க இடமும் அப்படியே இருக்கும்போது, அடுத்தது வந்து குடியேற எத்தனை நாளாகும்?

அதற்கு நீந்தத் தெரியாமலும் இல்லை. 1883இல் இந்தோனேசியாவின் கிரக்கத்தோவா எரிமலை வெடித்து அந்தத் தீவில் உயிரென்று எதுவும் மிஞ்சாமல் போனபோது, பிறகு கடல் தாண்டி முதலில் வந்து சேர்ந்த ஊர்வனவற்றில் இதே மலைப்பாம்பும் ஒன்று. கடலையே கடக்கிற ஜீவனுக்குக் காலாங் ஆறு எம்மாத்திரம்.

ஒருநாள் விடியற்காலையில் கால்வாய்ச் சுவரில் நீர் வடியும் ஓட்டையிலிருந்து பாதி உடம்பை வெளியே விட்டபடி ஒன்று கிடந்தது. கைப்பிடிக் கம்பிக்கு இந்தப் பக்கம் நான், கீழே அது. டார்ச்சை நேராக அடிக்காமல் பக்கத்துச் சுவரில் அடித்துப் பார்த்தேன். முதலில் கண்ணில் பட்டது நிறம்தான். மஞ்சளும் கறுப்பும் பழுப்பும் பின்னிய வலைக் கோலம், அதன் மேல் வெளிச்சம் பட்ட இடத்தில் தண்ணீரில் மிதக்கும் எண்ணெய்ப் படலத்தின் நீலமும் ஊதாவும். உதட்டோரத்தில் வரிசையாகச் சின்னச் சின்னக் குழிகள். இருட்டில் எலியின் உடம்புச் சூட்டை அந்தக் குழிகளால்தான் கண்டுபிடிக்கும். வயிற்றுப் பக்கம் ஒரு புடைப்பு, ராத்திரி சாப்பாடு ஆகிவிட்டது. அரைமணி நேரம் நின்றிருப்பேன், அது என்னை ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளவில்லை. ஓடி வந்த ஒரு சீன ஆன்ட்டி எட்டிப் பார்த்துவிட்டு, "அட, இதுவா" என்கிற தோரணையில் தலையசைத்துவிட்டு ஓட்டத்தைத் தொடர்ந்தார். அவர்தான் இந்த ஊரின் சரியான குடிமகள் என்று எனக்குத் தோன்றியது.

தெருப்பூனைகளுக்குச் சோறு வைக்கிறவர்கள் இதைப் படித்தால் கோபப்படுவார்கள், தெரியும். மலைப்பாம்பு பூனையைப் பிடிக்கும், மறைக்க வேண்டியதில்லை. வீட்டுப் பூனையை ராத்திரி வெளியே விடாதீர்கள், கால்வாய் ஓரத்தில் உணவு வைக்காதீர்கள் என்பதற்கு மேல் என்னிடம் பதிலில்லை. மலைப்பாம்புக்கு விஷம் கிடையாது. ஆனால் பிடித்து இழுத்தால் கடிக்கும், அந்தக் கடி மோசமாகவே இருக்கும். ஆக, குடைக்கம்பியால் குத்திப் பார்க்கிற மாமாக்களும் வாலைத் தூக்கிப் படமெடுக்கிற இளைஞர்களும்தான் என் பயமெல்லாம். இந்த இரண்டாவது கூட்டம் இப்போது பெருகிக்கொண்டே வருகிறது. "பாம்பு ரொம்ப சாது, பயப்படாதீங்க" என்று சொல்லிக்கொண்டே கையை நீட்டுவது. அடித்துக் கொல்கிறவனுக்கும் தொட்டுக் கொஞ்சுகிறவனுக்கும் நான் பெரிய வித்தியாசம் பார்ப்பதில்லை. இருவருக்கும் அதை அதன்பாட்டுக்கு விடத் தெரியவில்லை.

நான் உண்மையாகவே பயந்தது கிராஞ்சி பக்கம் ஒரு நடைபாதை ஓரத்தில். லாலாங் புல்லிலிருந்து பளபளவென்ற கறுப்பில் ஒன்று வெளியே வந்தது. சாரைதான் என்று நினைத்து நின்றேன். என் காலடி அதிர்வு தெரிந்ததோ என்னவோ, சட்டென்று மூன்றில் ஒரு பங்கு உடம்பு நிமிர்ந்தது, படம் விரிந்தது. ஊர் நல்ல பாம்புக்கு இருக்கிற கண்ணாடிக் குறி அந்தப் படத்தில் இல்லை, முழுக் கறுப்பு. விஷம் துப்பும் நாகம். கடிப்பதற்கு முன்பே கண்ணைக் குறிவைத்து இரண்டு மீட்டர் வரை பீய்ச்சிவிடும். என் கண்ணாடியைச் சட்டைப் பையில் வைத்திருந்தேன். முகத்தைக் கையால் மறைத்தபடி ஒவ்வொரு அடியாகப் பின்னால் வைத்தேன். நான் தள்ளிப்போகப் போக அதன் படமும் சுருங்கியது. அப்புறம் திரும்பிப் புல்லுக்குள் போய்விட்டது. மொத்தமும் ஒரு நிமிடம்கூட இருக்காது, ஆனால் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். துப்பிய விஷம் கண்ணில் பட்டால் தேய்க்கவே கூடாது. குழாயைத் திறந்து கால் மணி நேரத்துக்குக் குறையாமல் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும், உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். தாய்ப்பால் ஊற்றுவது, மூலிகைச் சாறு பிழிவது என்று குழுவில் வருகிற யோசனைகளையெல்லாம் அங்கேயே விட்டுவிடுங்கள். கடிபட்டாலும் அப்படித்தான். கட்டுப்போட்டு இறுக்குவது, கீறி ரத்தத்தை உறிஞ்சுவது எல்லாம் சினிமாவோடு போகட்டும். கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்துக்கொண்டு ஆம்புலன்சுக்கு 995ஐ அழையுங்கள். வீட்டுக்குள்ளேயோ லிஃப்டிலோ பாம்பு வந்துவிட்டால் தேசியப் பூங்காக் கழகத்தின் விலங்கு உதவி எண் 1800-476-1600. நீங்களாக அடித்துக் கொல்வது வனவிலங்குச் சட்டப்படி குற்றம்.

எங்கள் பேட்டையில் புல் வெட்ட வருகிற தம்பி ஒருவர், புதுக்கோட்டைப் பக்கம். இந்த மலைப்பாம்பு விவகாரத்தை அவரிடம் சிரித்துக்கொண்டே சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "அண்ணே, உங்களுக்கு இது வேடிக்கை. எங்க சித்தப்பா கடலைக்காட்டுல தண்ணி கட்டப் போனவரு, கட்டுவிரியன் கடிச்சு ஆஸ்பத்திரிக்குப் போற வழியிலேயே போயிட்டாரு" என்றார். அவரிடம் போய் பாம்பு சாது என்று பேச எனக்கு வாயில்லை. உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கில் ஆண்டுக்கு 81,000 முதல் 138,000 பேர் வரை பாம்புக்கடியால் சாகிறார்கள். இந்தியாவில் மட்டும் 2000 முதல் 2019 வரை பன்னிரண்டு லட்சம் பேர் இறந்திருக்கலாம் என்கிறது ஓர் ஆய்வு. செத்தவர்களில் பெரும்பாலோர் கிராமத்து ஏழைகள், விவசாயக் கூலிகள். தமிழ்நாடு அரசு பாம்புக்கடியைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்ததே 2024 நவம்பரில்தான். அந்தத் தம்பியின் பயம் அனுபவத்தில் வந்தது, அதைக் கேலி செய்ய யாருக்கும் உரிமையில்லை. ஆனால் பன்னிரண்டாவது மாடியில் குளிர்சாதன அறையில் உட்கார்ந்திருக்கிற நமக்கு அதே பயம் எதற்கு என்பதுதான் என் கேள்வி.

அதே தமிழ்நாட்டில்தான் இருளர்களும் இருக்கிறார்கள். மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் வடநெம்மேலியில் 1978இல் தொடங்கிய அவர்களுடைய கூட்டுறவுச் சங்கம் எடுத்துக்கொடுக்கிற விஷத்திலிருந்துதான் இந்தியாவின் முறிமருந்தில் பெரும்பகுதி தயாராகிறது. பிடித்த பாம்பைச் சில வாரம் பானையில் வைத்திருந்து, விஷம் எடுத்துவிட்டு, மறுபடி வெளியிலேயே விட்டுவிடுகிறார்கள். அந்தச் சமூகத்தைச் சேர்ந்த வடிவேல் கோபாலையும் மாசி சடையனையும் ஃபுளோரிடாவில் பெருகிப்போன பர்மிய மலைப்பாம்புகளைத் தேடிப் பிடிக்க 2017இல் அமெரிக்காவுக்கு அழைத்துப் போனார்கள். 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. பாம்பென்றால் படையும் நடுங்கும் என்று சொல்லிக்கொண்டிருக்கிற அதே மண்ணில், பாம்பின் தடத்தைப் புழுதியில் படிக்கிற ஆட்களும் பிறந்திருக்கிறார்கள். நாம் கப்பலேறும்போது முதலாவதை மட்டும் மூட்டை கட்டிக்கொண்டு வந்துவிட்டோம்.

சரி, சுறாவுக்கு வருகிறேன். மலேசியாவின் மெர்சிங்கில் படகேறினால் தியோமான் தீவு, அங்கே ரெங்கிஸ் என்று ஒரு குட்டித் தீவு. கரையோரத்தில் இடுப்பளவு, கொஞ்சம் தள்ளினால் ஆளுயரத் தண்ணீர். முகமூடியும் குழாயும் மாட்டிக்கொண்டு மிதந்துகொண்டிருந்தபோது, பவளப்பாறை முனையைச் சுற்றிக்கொண்டு வந்தது ஒரு கருமுனைச் சுறா. முதுகுத் துடுப்பின் நுனியில் மை தொட்டு வைத்த மாதிரிக் கறுப்பு. மனிதப் புத்தி, கால் இரண்டும் தானாகவே வயிற்றோடு மடங்கிக்கொண்டன. அது நேராக வந்தது, என்னைப் பார்த்தது, பக்கவாட்டில் ஒரு வெட்டு வெட்டித் திரும்பி எதிர்த்திசையில் பறந்தது. யார் யாரைப் பார்த்துப் பயந்தது என்று அங்கேயே தெரிந்துவிட்டது. அப்புறம் கிட்டப்போய்ப் பார்க்க நான் துரத்தியதெல்லாம் வீண், கூடவே அசட்டுத்தனம். இந்த வகை மனிதரைக் கடிப்பது அரிது. கடித்தவையும் ஆழமில்லாத தண்ணீரில் நடக்கிறவரின் காலை மீனென்று கவ்வியவைதான். உலகம் முழுவதும் சீண்டாமலே சுறா கடித்த சம்பவங்கள் 2024இல் 47. மேலே சொன்ன பாம்புக்கடிக் கணக்கோடு வைத்துப் பாருங்கள்.

நம் கடலிலேயே சுறா இருக்கிறது என்றால் பலர் நம்ப மாட்டேன் என்கிறார்கள். தெற்கே இருக்கிற புலாவ் ஹந்து தீவில் முக்குளிக்கிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். சேறு கலங்கிய தண்ணீர், நீட்டிய கை தெரிந்தால் அன்றைக்கு அதிர்ஷ்டம். அந்தக் கலங்கலில் பாறை இடுக்குக்குள் தலையை விட்டு, வாலை வெளியே போட்டுத் தூங்கிக்கொண்டிருக்கும் மூங்கில் சுறா. பெரியது ஒரு மீட்டர் இருக்கும், குட்டிக்கு உடம்பெல்லாம் பட்டை பட்டையாகக் கோடு. ஒருபக்கம் எண்ணெய்க் கப்பல்கள், எதிரே புக்கோம் சுத்திகரிப்பு ஆலை, நடுவில் இது. பாதிக் கரையை மண்போட்டு மூடிய பிறகும் போகாமல் இருக்கிறதே என்று எனக்கு அதன்மேல் ஒரு மரியாதை.

பயத்தை எழுதிவிட்டுச் சாப்பாட்டை எழுதாமல் போனால் நேர்மையாக இருக்காது. சுறாத் துடுப்பு சூப் என்றதும் சீனர் திருமண விருந்தை நோக்கி விரல் நீட்டுவது நமக்கு வசதி. ஃபேர்பிரைஸ் கடைகளில் 2012இலேயே துடுப்பு விற்பதை நிறுத்திவிட்டார்கள். ஆனால் தேக்கா சந்தையில் ஐஸ்மேல் சுறாவை வரிசையாக அடுக்கியிருப்பது யாருக்காக? நமக்காகத்தான். உலகத்தில் அதிகமாகச் சுறா பிடிக்கிற நாடுகளில் இந்தோனேசியாவோடு இந்தியாவும் முன்வரிசையில் நிற்கிறது. கருமுனைச் சுறா ஓர் ஈற்றில் போடுவது நாலைந்து குட்டிக்குள்தான். மத்தி, நெத்திலிபோல் ஆயிரக்கணக்கில் முட்டையிட்டு ஈடுகட்டுகிற இனம் இல்லை. அது அடங்கிய குடும்பம் முழுவதையும் 2022 நவம்பரில் பனாமாவில் கூடிய நாடுகள் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்தன.

இதையெல்லாம் எங்கள் வீட்டில் பேச நேர்ந்தது மகள் பிரசவித்து வந்தபோது. பச்சை உடம்புக்காரிக்குப் பால் சுறாப் புட்டு செய்யாமல் இருப்பதா என்று மாமியார் கொடியைத் தூக்கிவிட்டார். அவர் கைப்பக்குவம் சாதாரணமானதில்லை. மஞ்சள் போட்டு வேகவைத்து, சொரசொரவென்ற தோலை உரித்து, நடுமுள்ளை எடுத்துவிட்டு, விரலால் உதிர்த்து, ஒட்டத் தண்ணீர் பிழிந்து, நறுக்கிய சின்ன வெங்காயமும் ஒரு பிடி பூண்டும் பச்சை மிளகாயும் கறிவேப்பிலையும் வதங்கும் சட்டியில் போட்டுக் கிளறினால், கதவைச் சாத்தினாலும் மணம் கீழ்மாடிக்கு இறங்கும். நான் எதிர்த்துப் பேசவில்லை, மருத்துவர் சொன்னதைத்தான் சொன்னேன். சுறா மற்ற மீன்களைத் தின்று வளர்வதால் அவற்றிலிருக்கும் பாதரசமெல்லாம் அதன் உடம்பில் சேர்ந்துகொண்டே போகும். பெரியதாக ஆக அளவும் கூடும். கர்ப்பிணிகளும் பால் கொடுக்கிறவர்களும் தவிர்ப்பது நல்லது. "நான் அஞ்சு பிள்ளை பெத்தவ, எனக்கு ஒண்ணும் ஆகலையே" என்றார் அத்தை. அவர் காலத்துச் சுறாவும் கடலும் வேறு அத்தை என்றேன். ஏற்றுக்கொள்ளவில்லை.

கடைசியில் மகள்தான் தீர்த்துவைத்தாள். முருங்கைக்கீரையும் பூண்டுக் குழம்பும் போதும் ஆச்சி என்று சொல்லிவிட்டாள். இப்போது எங்கள் வீட்டில் நானோ மனைவியோ சுறா வாங்குவதில்லை. மற்றவர்கள் வாங்கக்கூடாது என்று சொல்ல நான் யார். அத்தை இன்னும் சமாதானமாகவில்லை. தீபாவளி முடிந்து இங்கே தங்க வரும்போது தேக்காவில் இறங்கி அவரே வாங்கிக்கொண்டு வருவாராம், யார் தடுக்கிறார்கள் என்று பார்க்கிறாராம்.