ஷூட்ஸுக்கு வறுமை ஒன்றும் கற்றுத்தரவில்லை

ஜெர்மன் தேவாலய இசை என்றாலே பேச்சு இசையமைப்பாளர் யோஹான் செபாஸ்தியன் பாக்கில் தொடங்கி பாக்கிலேயே முடிந்துவிடுகிறது. அவருக்குச் சரியாக நூறு வருடம் முன்னால், 1585இல் பிறந்தவர் ஹைன்ரிஷ் ஷூட்ஸ். அபூர்வமாக யாராவது அவரைப் பற்றிப் பேசினாலும் ஒரே பல்லவிதான்: ஜெர்மனியை 1618 முதல் 1648 வரை உலுக்கிய முப்பதாண்டுப் போரும் வறுமையும்தான் அவர் இசைக்கு அந்த எளிமையைக் கொடுத்ததாம். எனக்கு இதைக் கேட்டாலே எரிச்சல் வரும்.

ஷூட்ஸின் அப்பா சத்திரம் நடத்தியவர். அங்கே தங்க வந்த ஹெஸ்ஸே-காஸல் பிரபு மோரிட்ஸ் பையனின் குரலில் மயங்கி அரண்மனைக்கு அழைத்துக்கொண்டார். 1609இல் தன் செலவிலேயே வெனிஸுக்கும் அனுப்பினார். அங்கே இசையமைப்பாளர் ஜியோவன்னி கப்ரியேலியிடம் கற்றது, பாடகர்கள் பல குழுக்களாக நின்று ஒன்றுக்கொன்று பதில் சொல்லும் பிரம்மாண்டமான பாணி. 1619இல் டிரெஸ்டன் அரசவை இசைத் தலைவராக இருந்து அவர் வெளியிட்ட தாவீதின் சங்கீதங்களில் அந்தச் செழிப்பு அப்படியே இருக்கிறது.

அப்புறம் போர் டிரெஸ்டனைத் தலைநகராகக் கொண்ட சாக்சனிக்கும் வந்தது, இசைக்குழு சிதறியது. 1636இலும் 1639இலும் அவர் வெளியிட்ட சின்னச் சின்ன ஆராதனைப் பாடல்களுக்கு ஒன்று முதல் ஐந்து பாடகர்கள், கூட ஓர் ஆர்கன் போதும். அழகான பாடல்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் போரில் கலை சீரழிந்துவிட்டதே என்று அவரே முன்னுரையில் புலம்புகிறார்.

1648இல் போர் முடிந்தும் சம்பளம் வரவில்லை. ஒரு நல்ல பாடகர் உடுப்பை அடகு வைத்துவிட்டுத் திண்டாடுகிறார் என்று ஷூட்ஸ் கடிதம் எழுதுகிறார். தன் கைக்காசையும் கலைஞர்களுக்குக் கொடுத்திருக்கிறார். ஓய்வு கொடுங்கள் என்று கெஞ்சியும் சாக்சனியின் ஆட்சியாளர் யோஹான் கியோர்க் விடவில்லை. 1656இல் அந்த ஆட்சியாளர் செத்த பிறகுதான் கிழவருக்கு விடுதலை.

எளிமைக்குச் சாட்சியாக, எண்பது வயதை ஒட்டி ஷூட்ஸ் எழுதிய மூன்று படைப்புகளைக் காட்டுவார்கள்; கிறிஸ்துவின் பாடுகளை, அதாவது அவர் சிலுவையில் மரித்த கதையைச் சொல்லும் இசை. அதில் ஒரு வாத்தியமும் இல்லை, சரி. ஆனால் ஈஸ்டருக்கு முந்தைய பரிசுத்த வாரத்தில் வாத்தியம் வாசிக்காதது டிரெஸ்டன் அரசவை ஆலயத்து வழக்கம். பஞ்சத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அதே முதுமையில் எழுதிய கிறிஸ்து பிறப்பின் கதையைக் கேளுங்கள். மேய்ப்பர்களுக்குக் குழல், பிரதான ஆசாரியர்களுக்கு டிராம்போன், ஏரோதுக்கு டிரம்பெட்!

1650இல், சமாதானம் வந்த கையோடு, "சவுலே, சவுலே, நீ என்னை ஏன் துன்பப்படுத்துகிறாய்" என்ற பைபிள் வசனத்துக்கு இசை அமைத்து வெளியிடுகிறார். அடித்தொண்டைக் குரல்களில் தொடங்கி, மேலே ஏறி, எல்லாக் குழுவும் சேர்ந்து இடி மாதிரி இறங்கும். ஆறு தனிக்குரல், இரண்டு வயலின், போதாததற்கு இரண்டு பாடகர் குழு. நேரத்தில் சின்ன உருப்படிதான். ஷூட்ஸைக் கேட்டதே இல்லை என்றால் இதிலிருந்து ஆரம்பியுங்கள்.