அது வெறும் தயிர் இல்லை

ஞாயிற்றுக்கிழமை நம் குடியிருப்பு விருந்தில் நடந்ததைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இரண்டு நாளாகப் பொறுத்திருந்தேன். இன்று காலை அந்தப் படம் மறுபடியும் குழுவில் வந்திருக்கிறது. காய்கறி சாலட்டின் மேல் ஊற்றிக் கலந்துகொள்ள நான் செய்து வைத்த டிரெஸ்ஸிங் கிண்ணத்தைப் படம் எடுத்து, "டிரெஸ்ஸிங் என்று சொல்லி வெறும் தயிரை வைத்துவிட்டார்கள்" என்று ஒரு வரி. கீழே வரிசையாகச் சிரிப்பு. சரி, எழுதிவிடுகிறேன்.

அது வெறும் தயிர் இல்லை. கெட்டித் தயிரை மெல்லிய வேட்டித் துணியில் கட்டி இரண்டு மணி நேரம் தொங்கவிட்டு, தண்ணீர் வடிந்த பிறகு எடுத்தது. அதில் வறுத்து அரைத்த வேர்க்கடலை ஒரு கைப்பிடி, கடுகுப் பொடி அரைத் தேக்கரண்டி, ஒரு பல் பூண்டு, மிளகு, அரை மூடி எலுமிச்சைச் சாறு, ஒரு தேக்கரண்டி செக்கு நல்லெண்ணெய். கடுகைக் காரத்துக்காக மட்டும் போடவில்லை, எண்ணெயும் சாறும் பிரியாமல் பிடித்து வைப்பதும் அதுதான். உப்பு கால் தேக்கரண்டி, அதுவும் பரிமாறும்போதுதான். முன்பே கலந்து வைத்தால் வெள்ளரிக்காய் தண்ணீர் விட்டு எல்லாம் சளசளவென்று ஆகிவிடும். இத்தனையும் பார்த்துப் பார்த்துச் செய்ததற்குப் பெயர் வெறும் தயிரா?

அதே மேசையில் கடையில் வாங்கிய டிரெஸ்ஸிங் பாட்டிலும் இருந்தது. அதை யாரும் படம் எடுக்கவில்லை. அதில் என்ன இருக்கிறது என்று ஒருவர்கூடத் திருப்பிப் பார்க்கவில்லை.

நான் பார்ப்பேன். காரணம் அப்பா. ரத்த அழுத்தம் கூடிவிட்டது, உப்பைக் குறையுங்கள் என்று மருத்துவர் சொன்ன அன்றே ஊறுகாயையும் அப்பளத்தையும் விட்டவர் அவர். இரவில் சோறும் இல்லை, ஒரு தட்டு நிறைய வெள்ளரி, கேரட், தக்காளி. அதன்மேல் நான் வாங்கிக் கொடுத்த பாட்டிலைக் கவிழ்த்துக்கொள்வார். மூன்று மாதம் கழித்தும் அழுத்தம் இறங்கவில்லை. அப்புறம்தான் ஒருநாள் லேபிளைப் படித்தேன். எது அதிகமோ அது முதலில் வரும்படிதான் பட்டியல் போடுவார்கள். முதலில் எண்ணெய், அடுத்து தண்ணீர், மூன்றாவதே சர்க்கரை, அதற்கடுத்து உப்பு. ஊறுகாயை விட்ட மனிதருக்கு என் கையாலேயே உப்பை வேறு வழியில் கொடுத்திருக்கிறேன். அழுத்தம் இறங்காததற்கு அது மட்டும்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அன்று சமையலறையில் நின்று அழுதது எனக்குத் தெரியும்.

"வாரத்தில் ஒருநாள் சாப்பிட்டால் என்ன ஆகிவிடும்?" என்று கேட்பீர்கள். ஒன்றும் ஆகாது. சாப்பிடுங்கள். நான் யார் கையையும் பிடிக்கவில்லையே.

"வேர்க்கடலையிலும் எண்ணெயிலும் கொழுப்பு இல்லையா?" இருக்கிறது. கொஞ்சம் வேண்டும். கேரட்டில் உள்ள பீட்டா கரோட்டின் (உடம்பு வைட்டமின் ஏ ஆக மாற்றிக்கொள்ளும் சத்து) கொழுப்போடு சேர்ந்தால்தான் உடம்பில் நன்றாகச் சேரும். அளவுதான் பேச்சு. முட்டையும் எண்ணெயும் அடித்துச் செய்து, டிரெஸ்ஸிங்காகவும் போட்டுக்கொள்ளும் மயோனைஸ் ஒரு மேசைக்கரண்டியில் சுமார் 90 கலோரி, அதில் பெரும்பகுதி எண்ணெய். அதே அளவு தயிரில் பத்து கலோரிதான். உப்பு ஒரு நாளைக்கு மொத்தமே 5 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வீட்டில் செய்தால் உப்புக் கரண்டி என் கையில் இருக்கிறது.

பச்சை முட்டை மயோனைஸுக்குத் தமிழ்நாட்டில் 2025 ஏப்ரலில் ஓராண்டுத் தடை போட்டபோது இதே குழுவில் எத்தனை பேர் பதறினீர்கள்! பாட்டில் வேறு, அதற்கு அந்தத் தடை பொருந்தவில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உள்ளே என்ன போகிறது என்ற கவலை அன்றைக்கு மட்டும்தானா?

"ஆலிவ் எண்ணெயும் வினிகரும் இருந்தால்தான் டிரெஸ்ஸிங்" என்று எழுதியவருக்குத்தான் எனக்கு உண்மையில் கோபம். கொழுப்பு, புளிப்பு, உப்பு, மணம். இவ்வளவுதான் டிரெஸ்ஸிங். அம்மா கோசுமல்லிக்கு எலுமிச்சை பிழிந்து, கடுகும் பெருங்காயமும் தாளித்துக் கொட்டினாரே, அது என்ன? நம் வீட்டில் ஒரு பெண் காலையில் எழுந்து செய்தால் அதற்குப் பெயரும் கிடையாது, விலையும் கிடையாது. அதையே கண்ணாடி பாட்டிலில் அடைத்து ஆங்கிலத்தில் எழுதி ஒட்டினால் மரியாதை வந்துவிடுகிறது. என்னைப் பார்த்துச் சிரித்ததுகூடப் பரவாயில்லை. ருசி பார்த்துவிட்டு நன்றாக இல்லை என்றால் தாங்கிக்கொண்டிருப்பேன். கிண்ணத்தில் ஒருவரும் கரண்டியே வைக்காமல் சிரித்தீர்கள்.

அந்த எவர்சில்வர் கிண்ணம் இன்னும் வீடு வந்து சேரவில்லை. அடியில் அப்பாவின் பெயர் வெட்டியிருக்கும். யார் வீட்டிலாவது இருந்தால் கழுவக்கூட வேண்டாம், கீழே காவலாளியிடம் கொடுத்துவிடுங்கள். நான் வந்து வாங்கிக்கொள்கிறேன்.