எந்த ஈயம்?

அம்மாவின் ஈயச்சொம்பு என் கையால்தான் போனது. புளித்தண்ணீரை ஊற்றாமல் வெறும் சொம்பை அடுப்பில் ஏற்றிவிட்டு, போனில் யாரிடமோ ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தேன். திரும்பி வந்து பார்த்தால் சொம்பின் அடி பர்னர் மேல் வெள்ளிக் குழம்பாக வழிந்து கிடக்கிறது. அந்தச் சொம்பு வெள்ளீயம், ஆங்கிலத்தில் டின். அது 232 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும். உள்ளே தண்ணீர் இருக்கிறவரை சூடு நூறு டிகிரி பக்கத்திலேயே நிற்கும், அதனால்தான் சொம்பு பிழைக்கிறது. அம்மாவுக்கு இந்த எண்ணெல்லாம் தெரியாது. ஆனால் நாற்பது வருடம் அந்தச் சொம்பைக் காப்பாற்றினாள்.

சரி, புதிதாக ஒன்று வாங்கலாம் என்று ஒரு பாத்திரக் கடைக்குப் போனேன். கடைக்காரர் எடுத்துக் கொடுத்த சொம்பு கையில் ஏதோ அதிகமாகக் கனத்தது. "அண்ணே, இது எந்த ஈயம்?" என்று கேட்டேன். "ஈயம்னா ஈயம்தான் சார், அசல் ஈயம்" என்றார். செய்தித்தாளின் ஓரத்தில் சொம்பின் விளிம்பைத் தேய்த்துப் பார்த்தேன். பென்சிலால் கோடு போட்ட மாதிரி சாம்பல் நிறத்தில் இழுத்தது. இதை ஆய்வகச் சோதனை என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் காரீயம், அதாவது லெட் என்கிற நச்சு உலோகம், காகிதத்தில் கோடு போடும் என்று தெரிந்தவனுக்கு அந்தச் சொம்பில் ரசம் வைக்க மனசு வராது. வாங்காமல் வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து முகநூலைத் திறந்தால் இங்கே அதே சண்டை. "ஈயம் விஷம், அதில் சமைத்த முன்னோர்கள் அறியாதவர்கள்" என்று ஒரு கூட்டம். "முன்னோர்கள் முட்டாள்கள் இல்லை, ஈயச்சொம்பு ரசம் அமிர்தம்" என்று இன்னொரு கூட்டம். முந்நூறு கமெண்ட் போயிருக்கிறது. எந்த ஈயம் என்று அதில் ஒருவர்கூடக் கேட்கவில்லை.

நாம் ஈயம் என்று எதையெல்லாம் சொல்கிறோம், பாருங்கள். ரசச் சொம்பு ஈயம்: அது வெள்ளீயமாக இருக்க வேண்டும். பித்தளைப் பாத்திரத்துக்குப் பூசுகிற ஈயமும் அதேதான். ரேடியோ மெக்கானிக் பற்றவைக்கிற ஈயம் காலங்காலமாக வெள்ளீயமும் காரீயமும் கலந்தது. கிராமத்தில் ஈயக்குண்டான், ஈயச்சட்டி என்றால் பெரும்பாலும் அலுமினியம். "பழைய ஈயம் பித்தளைக்குப் பேரீச்சம்பழம்" என்று கூவி வந்தவரிடம் நாங்கள் சின்ன வயதில் போட்ட ஓட்டை விழுந்த தட்டெல்லாம் அலுமினியம்தான். அலுமினியம் உலகுக்குத் தெரிய வந்தே இருநூறு வருடம்தான் ஆகிறது. புதிதாக வீட்டுக்குள் வந்தது, வெள்ளையாக, மிருதுவாக இருந்தது, 'நீயும் ஈயம்தான் வா' என்று சேர்த்துக்கொண்டோம்.

இதைத் தமிழனின் அலட்சியம் என்று திட்டலாம் என்றுதான் நான் முதலில் நினைத்தேன். மற்ற மொழிகளைப் பார்த்த பிறகு திட்ட மனசு வரவில்லை.

கி.பி. 79இல் வெசூவியஸ் எரிமலை வெடித்தபோது இறந்த ரோமானியர் பிளினி, லத்தீனில் ஈயத்துக்குப் பெயரான பிளம்பும் இரண்டு வகை என்று எழுதி வைத்திருக்கிறார். ஒன்று பிளம்பும் நிக்ரும், அதாவது கறுப்பு. இன்னொன்று பிளம்பும் கந்திதும், வெள்ளை. நம் காரீயமும் வெள்ளீயமும் அச்சு அசலாக! மலாய்க்காரர்களிடம் கேளுங்கள்: தீமா ஹீத்தாம், தீமா பூத்தே. முன்னது கறுப்பு, பின்னது வெள்ளை. மலையாளத்தில் காரீயமும் வெளுத்தீயமும் இருப்பதில் ஆச்சரியமில்லை, அவர்கள் நம் வீட்டு ஆட்கள். ஆனால் லத்தீனும் மலாயும் தமிழும் எங்கே உட்கார்ந்து பேசி வைத்துக்கொண்டன? தேவையே இல்லை. இரண்டும் மெத்தென்ற உலோகம், இரண்டும் விறகு அடுப்புச் சூட்டிலேயே உருகும், ஒன்று மட்டும் கொஞ்சம் கறுப்பு. கண்ணும் கையும் உள்ளவன் எந்த ஊரில் இருந்தாலும் இப்படித்தான் பெயர் வைப்பான்.

குழாய் ரிப்பேருக்கு வருகிறவரை பிளம்பர் என்கிறோமே, அது இந்த பிளம்பும்தான். ரோமானியர்கள் தண்ணீர்க் குழாயைக் காரீயத்தில் செய்தார்கள். இன்று பிவிசி குழாயை ஒட்டுகிறவருக்கும் அதே பட்டம். லத்தீனில் ஸ்டான்னும் என்ற சொல்லுக்கு இன்னும் விசித்திரமான கதை. பிளினி காலத்தில் அது வெள்ளியும் காரீயமும் கலந்த கலவை. பிற்பாடு அதுவே வெள்ளீயத்தின் பெயராகி, வேதியியல் அட்டவணை வரைக்கும் போய்விட்டது.

இதைவிட எனக்குப் பிடித்தது ஸ்லாவிய மொழிகளின் குளறுபடி. ஓலவோ என்று ரஷ்யாவில் கேட்டால் வெள்ளீயம் தருவார்கள். செக் நாட்டில் அதே சொல்லைச் சொன்னால் காரீயம். போலந்திலும் அதன் உடன்பிறப்பான சொல் காரீயம்தான், பென்சிலுக்கு அவர்கள் சொல்லும் ஓவூவெக்கும் அதிலிருந்து வந்ததே. ஒரே வேர், இரண்டு உலோகம். எல்லை தாண்டி ரசச் சொம்பு ஆர்டர் கொடுக்கிறவர் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

பென்சில் என்றதும் இன்னொன்று. பென்சிலுக்குள் காரீயம் ஒரு துளியும் கிடையாது. இருப்பது கிராஃபைட், அதாவது கரி வகை. 1779இல் ஷீலே என்ற வேதியியலாளர் அதைக் கார்பன் என்று காட்டும்வரை ஐரோப்பாவில் அதைக் கறுப்பு ஈயம் என்றே நினைத்திருந்தார்கள். உண்மை தெரிந்த பிறகும் பெயர் போகவில்லை. ஜெர்மன்காரர் இன்னும் ஈயக்குச்சி என்கிறார், அரபியில் ஈய எழுதுகோல். இலங்கைத் தமிழில் கிராஃபைட்டுக்குப் பெயரே காரீயம்தான். போகல, கஹட்டகஹ காரீயச் சுரங்கங்கள் என்று படித்துவிட்டு, அங்கே ஈயம் தோண்டுகிறார்கள் என்று சென்னையிலிருந்து நினைத்துக்கொண்டிருந்தவன் நான். மலேசியத் தமிழர் ஈயச் சுரங்கம் என்றாலோ அது வெள்ளீயம். கோலாலம்பூர் என்ற நகரமே 1857 வாக்கில் அந்த ஈயத்தைத் தேடி வந்தவர்களால் முளைத்தது.

தகரம் வேறு இருக்கிறது. அதற்கு முதல் பொருள் வெள்ளீயம்தான். தெலுங்கில் தகரமு, கன்னடத்தில் தவர என்றால் இன்றும் அதுதான். நாம் அதை வெள்ளீயம் பூசிய இரும்புத் தகடுக்குக் கொடுத்தோம், அப்புறம் டப்பாவுக்கு, கடைசியில் கொட்டகைக்கு. கொட்டகைத் தகரத்தின் மேல் பூசியிருப்பது துத்தநாகம், அதில் வெள்ளீயம் எங்கே? ஆங்கிலத்தில் டின் என்ற சொல்லும் உலோகத்தில் தொடங்கி டப்பாவில் போய் முடிந்ததுதான். துத்தநாகத்தைப் பற்றி ஆரம்பித்தால் பதிவு முடியாது. ஒன்று மட்டும்: ஆயுர்வேதத்தில் நாகம் என்றால் காரீயம், சித்த மருத்துவத்தில் நாகம் என்றால் துத்தநாகம். மருந்துப் பெயரை மட்டும் படித்துவிட்டு வாட்ஸப்பில் வைத்தியம் சொல்கிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

இப்படி உலகமே குழம்பிக் கிடக்கும்போது நமக்கு மட்டும் என்ன என்று கேட்பீர்கள். கொட்டகையைத் தகரம் என்றால் யாருக்கும் எதுவும் ஆகாது. சமையலில் அப்படி விட முடியாது. காரீயம் உடம்பில் சேரும், குழந்தைகளின் மூளையைத் தாக்கும், பாதுகாப்பான அளவு என்று ஒன்று அறியப்படவில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். புளிப்பு பட்டால் அது எளிதாகக் கரைந்து இறங்கும். ரோமானியர்கள் திராட்சைச் சாற்றைக் காரீயப் பாத்திரத்தில் சுண்டக் காய்ச்சி இனிப்புக்குச் சேர்த்துக்கொண்டார்கள். புளித்த காடியோடு சேர்ந்தால் காரீயம் இனிக்கும் உப்பாகிவிடும், விஷம் என்று நாக்குக்குத் தெரியாது. நம் ரசமோ புளியும் தக்காளியும். வெள்ளீயத்தின் விலையோ காரீயத்தைப்போல் பத்து மடங்குக்கும் மேல். கலப்படம் ஏன் நடக்கிறது என்று தனியாக விளக்க வேண்டியதில்லை.

கார் என்றும் வெள் என்றும் பெயர் வைத்த கொல்லருக்கு வித்தியாசம் நன்றாகத் தெரிந்திருந்தது. முன்னொட்டை வெட்டி எறிந்தது நாம். முன்னோரை முட்டாள் என்கிறவரும் மேதை என்கிறவரும் சேர்ந்தே வெட்டினார்கள். அதனால் என் கட்சி இதுதான்: பாத்திரத்தைப் பற்றிப் பேசும்போது 'ஈயம்' என்ற மொட்டைச் சொல் வேண்டாம். விற்கிறவர் சொல்லட்டும், வாங்குகிறவர் கேட்கட்டும்.

போன வாரம் ஈயம் பூசுகிற ஒரு பெரியவரிடம் போனேன். அதே கேள்வி. அவர் பதில் சொல்லாமல் ஒரு குச்சியை எடுத்து என் காதருகே வளைத்தார். உள்ளே மணல் நொறுங்குவது போல நறநறவென்று ஒரு சத்தம். "அழுவுது பாருங்க தம்பி. கறுப்பு ஈயம் அழுவாது" என்றார். உண்மைதான், வெள்ளீயத்தை வளைத்தால் உள்ளே இருக்கும் படிகங்கள் இடம் மாறும் சத்தம் அது. காய்ச்சி ஊற்றினால் ஒழிய ஈயத்துக்கும் காதுக்கும் சம்பந்தமில்லை என்று நினைத்திருந்தேன்.

அந்தக் குச்சி செய்த கட்டியிலேயே தட்டிய சொம்பு ஒன்று அவரிடம் இருந்தது, வாங்கிக்கொண்டேன். துண்டுச் சீட்டில் 'ஈயச்சொம்பு 1' என்று எழுதிக் கொடுத்தார். வெள்ளீயம் என்று எழுதித் தரச் சொன்னேன். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, பேனாவை வாங்கி, முன்னால் இடுக்கில் 'வெள்' என்று நெருக்கி எழுதினார்.