சிறுநீரைப் பாதியில் அடக்குவது பயிற்சி அல்ல
"பிரசவமான பெண்கள் தினமும் சிறுநீரைப் பாதியில் அடக்கி அடக்கி விட்டால் இடுப்புத்தளத் தசை இறுகும்" என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் தகவல் தவறு. சிறுநீர்ப்பையையும் கருப்பையையும் அடியிலிருந்து தாங்குவது இந்தத் தசை. சிறுநீர் வெளியேற அது தளர வேண்டும். அந்நேரம் இறுக்கிப் பழகினால் சிறுநீர்ப்பை முழுதாகக் காலியாகாமல் போகலாம். தேங்கியதில் கிருமித்தொற்று வரலாம்.

சரியான பயிற்சி இதுதான்: சிறுநீர் கழித்து முடித்தபின், படுத்தோ உட்கார்ந்தோ, வாயுவை அடக்குவதுபோல் ஆசனவாயை உள்ளிழுத்து, அந்த இறுக்கத்தை முன்பக்கம் வரை கொண்டுவாருங்கள். முதலில் 3 நொடி, பழகப் பழக 10 நொடி. பிறகு அதே அளவு நேரம் முழுதாகத் தளர்த்துங்கள். பலர் கோட்டைவிடுவது இங்கேதான். மூச்சை அடக்காதீர்கள், பிட்டத்தை இறுக்காதீர்கள். வேளைக்கு 8 முதல் 10 முறை, நாளுக்கு 3 வேளை, குறைந்தது 3 மாதம். சிசேரியன் ஆனவர்களுக்கும் இது தேவை.

அதன்பிறகும் இருமினால் கசிகிறதா? "பிள்ளை பெத்தா அப்படித்தான்" என்று விடாமல் மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள். அடியில் ஏதோ இறங்குவதுபோல் இருந்தால் காத்திருக்கவே வேண்டாம்.